மருந்துப் பதிவைத் திறந்து பார்த்தது யார் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நோயாளிகளின் விவரங்கள் வெளியே போவதைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வருகிறது என்றால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த திருட்டைப் பற்றியதாகவே இருக்கிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர் முடங்கியதும், 2024இல் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் மருத்துவ ஆவணங்கள் டெலிகிராமில் கிடைத்ததும் பெரிய செய்திகள், எழுத வேண்டிய செய்திகள்தான். ஆனால் தனியார் மருத்துவமனை பார்மசிகளில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் நான். அன்றாடம் நடக்கிற கசிவு எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஹேக்கரால் நடப்பதில்லை, கவுன்டருக்கு உள்ளே இருக்கிற எங்களால்தான் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோயாளியாக வருகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. பல மருத்துவமனைகளில் பார்மசி முழுவதற்கும் ஒரே லாகின்தான். காலை ஷிப்டுக்கு வருபவர் கம்ப்யூட்டரை ஆன் செய்து உள்ளே போனால் இரவு வரைக்கும் அதே லாகினில்தான் எல்லாரும் பில் போடுகிறார்கள். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும், அல்லது எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கும். மருந்தாளுநர், பில் போடுகிற பெண், ஸ்டோரில் மருந்து எடுத்துத் தருகிற பையன், இன்சூரன்ஸ் டெஸ்கில் இருப்பவர், ராத்திரி பார்மசியில் ஆள் இல்லாதபோது வார்டிலிருந்து அவசரமாக வருகிற நர்ஸ், சாஃப்ட்வேர் கோளாறு என்றால் ரிமோட்டில் உள்ளே வருகிற கம்பெனி ஆள், இத்தனை பேரும் கம்ப்யூட்டருக்கு ஒரே ஆள். ஒரு போன் நம்பரையோ மருத்துவமனை எண்ணையோ தட்டினால் அந்த நோயாளி அங்கே வாங்கின மருந்து முழுக்க வருஷ வாரியாக வந்து நிற்கும். தேவை இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். பார்த்தது யார் என்று பிறகு கேட்டால் பதில் சொல்ல வழியே இல்லை.

"மாத்திரைப் பெயர்தானே, அதில் என்ன இருக்கிறது" என்று நிர்வாகத்தில் இருப்பவர்களே கேட்டு நான் கேட்டிருக்கிறேன். டாக்டரின் கேஸ் ஷீட்டாவது கையெழுத்துப் புரியாமல் இருக்கும், பார்மசி பதிவோ அச்சடித்த மாதிரித் தெளிவாக இருக்கும். ரிஃபாம்பிசின் என்றால் காசநோய், லித்தியம் என்றால் மனநல சிகிச்சை, டைசல்ஃபிராம் என்றால் குடியை நிறுத்த முயற்சி செய்கிறார், டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் சேர்ந்து மாதா மாதம் போனால் ஹெச்.ஐ.வி. என்று ஆறு மாதம் வேலை பார்த்த பையனுக்குக் கூடத் தெரியும். இதைவிட மோசமானது பாதி தெரிந்தவர் படிப்பது. மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் உண்டு, முடக்குவாதத்துக்கும் உண்டு, சொரியாசிஸுக்கும் உண்டு. அமிட்ரிப்டிலின் மன அழுத்தத்துக்கு மட்டும் இல்லை, நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் எழுதுவார்கள். வயாக்ரா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த சில்டெனாஃபில், நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காகக் குழந்தைக்குக் கூடக் கொடுக்கிற மருந்து. பெயரைப் பார்த்துவிட்டு மனதில் ஒரு கதை எழுதிக்கொள்கிறவருக்கு இதெல்லாம் தெரியாது, ஆனால் கதை மட்டும் பரவிவிடும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) நர்ஸாக இருந்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே, அடையாளம் தெரிகிற விவரங்களை மாற்றி எழுதுகிறேன். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் குழந்தை இல்லாமல் அதே மருத்துவமனையில் சிகிச்சைக்குப் போனார். லெட்ரோசோல் எழுதினார்கள். அந்த மாத்திரை மார்பகப் புற்றுநோய்க்கும் கொடுப்பது, கருமுட்டை வளர்வதற்கும் கொடுப்பது. ஊழியர் சலுகை இருப்பதால் அவர் எங்கள் பார்மசியிலேயே வாங்கினார். இரண்டு மூன்று வாரத்தில் பாதி வார்டு அவருக்குப் புற்றுநோய் என்று பேசியது, மீதிப் பாதி குழந்தையைப் பற்றி அவரிடமே ஆறுதல் சொல்ல ஆரம்பித்தது. மாமியாரிடம் கூட சொல்லாத விஷயம் அது. அதே வார்டில் வேலை செய்கிற ஒருவரின் தங்கை அவர்கள் தெருவில்தான் குடியிருந்தாள் என்பதால் அந்த வழியாக வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் ஹெச்.ஆரில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தார். விசாரித்தார்கள். கம்ப்யூட்டரில் என்ன இருந்தது? பார்மசி என்ற பொது லாகின் அந்தப் பதிவைப் பல தடவை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். யார் மேல் சந்தேகம், சாட்சி இருக்கிறதா என்று அவரையே கேட்டார்கள். கடைசியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு டிரெய்னி பெண்ணை நிறுத்தினார்கள். அந்தப் பெண் அந்த வாரத்தில் பாதி நாள் லீவில் இருந்தாள் என்று நாங்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அதன் பிறகு அந்த நர்ஸ் சலுகையை விட்டுவிட்டு, பக்கத்து ஊர் வரைக்கும் பஸ் ஏறிப் போய் முழு விலைக்கு மருந்து வாங்கினார். மருத்துவமனை ஊழியர்களில் இப்படிச் செய்பவர்கள் நிறைய. மனநல மருந்து சாப்பிடும் டாக்டர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்று தெரிந்தால் டியூட்டியை மாற்றிவிடுவார்களோ என்று பயப்படும் டிரைவர்கள், தங்கள் சொந்த இடத்தில் ஒரு மாத்திரை அட்டை கூட வாங்க மாட்டார்கள். சிலர் அதையும் விட்டு, மருந்தையே விட்டுவிடுகிறார்கள். ரகசியம் போனால் மானம் மட்டும் போவதாக நினைக்கிறோம், சிகிச்சையும் சேர்ந்து போகிறது.

"சாட்சி இருக்கிறதா" என்ற கேள்விக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 ஜூலையிலேயே பதில் சொல்லியிருக்கிறது. ஃபின்லாந்தில் ஒரு அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ், ஹெச்.ஐ.வி. சிகிச்சைக்கு அதே மருத்துவமனையின் இன்னொரு பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தார். 1992 வாக்கில், கூட வேலை செய்பவர்களுக்குத் தன் நோய் தெரிந்திருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அப்போது அங்கே ஊழியர்கள் யாரும் எந்த நோயாளியின் பதிவையும் பார்க்க முடிந்தது. யார் பார்த்தார்கள் என்று கேட்டபோது, கடைசி ஐந்து தடவை பார்த்தது மட்டுமே தெரியும், அதிலும் எந்தப் பிரிவு என்பதுதான் தெரியும், ஆள் தெரியாது, கோப்பு ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பியதும் அந்தத் தகவலும் அழிந்துவிடும் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. உள்நாட்டு நீதிமன்றங்களில் அவர் தோற்றார், காரணம் அவரால் நிரூபிக்க முடியவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. பதிவை ஒழுங்காகக் காப்பாற்றாதது மருத்துவமனையின் குறை, அந்தக் குறையினாலேயே ஆதாரம் இல்லாமல் போனவரிடம் ஆதாரம் கேட்கக்கூடாது, இதனால் அவருடைய தனிவாழ்க்கை உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. எங்கள் நர்ஸிடம் கேட்ட அதே கேள்விதான், அங்கே பல வருஷத்துக்கு முன்பே தவறு என்று முடிவான கேள்வி.

இன்னொரு வழக்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், நேராக மருந்துக்கடை சம்பந்தப்பட்டது. வால்கிரீன்ஸ் கடையில் வேலை செய்த மருந்தாளுநர் ஒருவர், தன் காதலரோடு முன்பு பழகிய பெண் ஒருவரின் மருந்துப் பதிவைச் சொந்தக் காரணத்துக்காகத் திறந்து பார்த்தார். விவரம் அந்த ஆணுக்குத் தெரிந்தது, அவர் அந்தப் பெண்ணிடமே அதைச் சொல்லிச் சண்டை போட்டார். பெண் வழக்குப் போட்டார். 2013இல் நடுவர் குழு இழப்பை 18 லட்சம் டாலர் என்று கணக்கிட்டு, அதில் 14 லட்சத்து 40 ஆயிரத்தைக் கடையும் மருந்தாளுநரும் கொடுக்க வேண்டும் என்றது. அவர் செய்தது சொந்தக் காரியம், கம்பெனி வேலை இல்லை என்று கடை வாதிட்டுப் பார்த்தது. ஆனால் அந்தப் பதிவைத் திறக்கும் வசதி அவருக்குக் கடை கொடுத்த வேலையால்தான் கிடைத்தது என்பதால் 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. இந்த இரண்டு வழக்கையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் பார்த்தவர் யார் என்று தெரிந்தது, அதனால் கேள்வி கேட்க முடிந்தது. இன்னொன்றில் தெரியவில்லை, அதனால் பாதிக்கப்பட்டவர் ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

நோயாளியின் பதிவை யாரும் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்த்தே ஆக வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுகிற பெரியவருக்குப் பல் டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால், பழைய மருந்து என்ன என்று பார்க்காமல் எடுத்துக் கொடுத்தால் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். மருந்தாளுநர் அதைப் பார்ப்பது அவருடைய கடமை. ஆனால் அந்தப் பில்லுக்குப் பணம் வாங்குகிறவருக்கு மருந்தின் பட்டியல் எதற்கு? தொகை போதும். ஸ்டோரில் இருப்பவருக்கு இருப்பு எத்தனை என்று தெரிந்தால் போதும், நோயாளியின் பெயர் எதற்கு? இன்சூரன்ஸ் டெஸ்குக்கு அந்த அட்மிஷனில் போன மருந்து வேண்டும், மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண் வாங்கினது வேண்டாம். இதைப் பிரித்துக் கொடுக்கிற வசதி பெரும்பாலான பில்லிங் சாஃப்ட்வேரில் இப்போதே இருக்கிறது, தனித்தனி யூசர் உருவாக்கலாம், யார் எந்தத் திரையைப் பார்க்கலாம் என்று டிக் போடலாம். பணம் கொடுத்து வாங்கியாகிவிட்டது, பயன்படுத்துவதில்லை. கூட்டம் நேரத்தில் லாகின் மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பார்கள். ஓ.பி. முடிகிற நேரத்தில் கவுன்டரில் நின்றவள் என்பதால் அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் வருகைப் பதிவுக்கு ஒவ்வொரு ஊழியரிடமும் விரல் ரேகை வாங்குகிற அதே மருத்துவமனை, அரை நாள் சம்பளத்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக நிமிடக் கணக்கில் பதிவு வைத்திருக்கிற அதே மருத்துவமனை, நோயாளியின் பதிவைத் திறக்கும்போது மட்டும் ஆள் யாரென்று கேட்க நேரம் இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ராத்திரி அவசரத்தில் வார்டு நர்ஸ் திறக்க வேண்டி வந்தால்? திறக்கட்டும். தன் பெயரில், என்ன காரணம் என்று ஒரு வரி போட்டுத் திறக்கட்டும், மறுநாள் காலையில் பொறுப்பாளர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். உயிர் காக்கிற வேலை எதுவும் இதனால் நிற்காது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது, துண்டு துண்டாக இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள் மருத்துவப் பதிவை நுண்ணிய தனிநபர் தகவல் என்று சொல்லின. 2017இல் வந்த ஹெச்.ஐ.வி. சட்டமும் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்தந்த நோயாளிகளின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் சேர்த்த பிரிவின்படி, அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடுகிற டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. டாக்டருக்கு! மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர், பில் போட்டவர் வாய் திறந்தால் என்ன என்று அந்தப் பிரிவில் இல்லை. மருந்தாளுநர்களுக்கு 2015 தொழில் ஒழுங்குமுறைகளில் ரகசியம் காக்கும் கடமை எழுதியிருக்கிறது, ஆனால் அது பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு. கவுன்டரில் நிற்கிற பலர் பதிவு பெற்றவர்கள் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மேல்தான் இப்போது எல்லாருடைய நம்பிக்கையும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நல்ல விதிகள்தான்: தகவலை யார் அணுகலாம் என்று கட்டுப்படுத்த வேண்டும், யார் அணுகினார்கள் என்ற பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், அதைப் பரிசீலிக்க வேண்டும் என்கின்றன, பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் இந்தக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே வரைக்கும். அப்புறம் இன்னொரு குறை, எனக்கு இதுதான் பெரிய குறை. என் தகவலை வேறு எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்க அந்தச் சட்டம் எனக்கு உரிமை தருகிறது. உங்கள் நிறுவனத்துக்கு உள்ளே என் பதிவை எந்த ஊழியர் எப்போது திறந்தார் என்று கேட்கும் உரிமையை அப்படித் தெளிவாகத் தரவில்லை. எஸ்டோனியா நாட்டில் நோயாளி தன் கணக்கில் லாகின் செய்தால் தன் மருத்துவப் பதிவை யார் யார் பார்த்தார்கள் என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் ஆபா எண் (ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கிற டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) கொடுத்து எல்லாப் பதிவையும் இணைக்கப் போகிறோம் என்றால் அந்த வசதியை முதல் நாளே சேர்த்துக் கொடுக்க வேண்டும். பதிவை இணைத்து முடித்த பிறகு பாதுகாப்பைப் பற்றி யோசிப்பது, கதவு வைக்காமல் கிரகப்பிரவேசம் செய்வது போலத்தான்.

நெதர்லாந்தில் ஹேக் நகரத்து ஹாகா மருத்துவமனையில், டி.வி.யில் வந்த ஒரு பிரபலத்தின் பதிவைச் சம்பந்தமே இல்லாத பல ஊழியர்கள் திறந்து பார்த்தார்கள் என்று தெரிந்து, 2019இல் 4,60,000 யூரோ அபராதம் போட்டார்கள். பிறகு நீதிமன்றம் தொகையைக் குறைத்தது, ஆனால் குற்றச்சாட்டு என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே பார்த்தவர் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலை மருத்துவமனை ஒழுங்காக எடுத்துச் சரிபார்க்கவில்லை, பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது அடையாளச் சோதனை வைக்கவில்லை என்பதுதான் தவறு. நாம் பட்டியலே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

தெருமுனை மெடிக்கல் ஷாப்புகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹெச்1 அட்டவணையில் உள்ள மருந்துகளுக்கு, அதாவது அல்ப்ரசோலம், டிரமடால், சில ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்து மாதிரியானவற்றுக்கு, நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கண்டபடி விற்பதைத் தடுக்க வந்த நல்ல விதி அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோட்டு பல கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் திறந்தே கிடக்கிறது. தள்ளுபடி உண்டு என்று எல்லாரிடமும் போன் நம்பர் வாங்குகிறார்கள், காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவரிடம் கூட. வாட்ஸ்ஆப்பில் சீட்டை அனுப்புங்கள் என்கிறார்கள், அந்தப் படம் கடைப் பையனின் சொந்த போனில் மாதக்கணக்கில் கிடக்கிறது, அவன் வேலையை விட்டுப் போனாலும் கூடவே போகிறது. அண்ணே, உங்க வீட்டம்மாவுக்கு அந்தத் தூக்க மாத்திரையா என்று நாலு பேர் நிற்கும்போது சத்தமாகக் கேட்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, பழக்கம், ஆனால் கேட்கிறவருக்குப் பழக்கம் என்பதால் பின்னால் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொள்ளப் போவதில்லை.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. தனி லாகின், பார்த்தவர் பட்டியல் என்று சொன்னவுடன் எங்களைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்மில் பலருக்குக் கோபம் வருகிறது. அந்த டிரெய்னி பெண்ணை நினைத்துப் பாருங்கள். தனி லாகின் இருந்திருந்தால் அவள் வேலை போயிருக்காது. பொது லாகினில் நடக்கிற தவறு எப்போதும் இருப்பதிலேயே சம்பளம் குறைந்தவர் தலையில்தான் விழும். பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ள மாட்டேன் என்று சொல்ல ஒரு ஊழியருக்குத் துணிச்சல் வர வேண்டுமென்றால் நிர்வாகம் அவருக்குத் தனி பாஸ்வேர்டைக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் கேட்பது 2027 வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத காரியம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும், பதிவுக்காக இடம் எவ்வளவு, ஆள் எத்தனை, தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் நோயாளி பதிவுக்குத் தனி லாகின் இருக்கிறதா, பார்த்தவர் பட்டியல் எடுக்க முடிகிறதா என்ற இரண்டு கேள்வியைச் சுகாதாரத் துறை சேர்க்கட்டும். மெடிக்கல் ஷாப்புக்கு ஹெச்1 பதிவேட்டைச் சரிபார்க்கப் போகிற மருந்து ஆய்வாளர், அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்கட்டும். அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் இதை முதலில் செய்து காட்டினால் தனியார் கடைக்காரர்கள் முடியாது என்று சொல்ல முடியாது.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போகும்போது, என் மருந்துப் பதிவை இந்த வருஷத்தில் யார் யார் திறந்தார்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பதில் தர முடியாது என்று சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டாலே அந்த மருத்துவமனையின் ஐ.டி. ஆள் யூசர் லிஸ்டைத் திறந்து பார்ப்பார்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
மதுரை